பாயசம் மணத்த கயிறு

முன்னொரு காலத்தில், குதிரைக்காரன் வந்தால்தான் சேதி என்றிருந்த நாளில், ஒரு ராஜாவுக்குக் கயிற்றில் சேதி அனுப்பும் ஆசை வந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டார் சண்டைக்கு வருவார்கள். மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, இரு நுனியிலும் மணி கட்டினார்கள். நீள இழுப்பு, குட்டை இழுப்பு என்று அதற்கொரு பாஷையே உண்டாகிவிட்டது.

கயிற்றுக்கு அதிகாரி வில்லவராயர். தலைநகரில் தெருவுக்கு ஒரு கயிறு இழுத்தார். அதிலும் அவருக்கு விருந்து வைத்த தெருக்களுக்குத்தான் முதலிடம். கிராமத்தார் கேட்டால், "அங்கே பேச என்ன இருக்கிறது? மாடு கன்று போட்டதையா சொல்லப் போகிறீர்கள்?" என்பார். இந்த மனிதரிடம் ஓர் அதிசயமும் உண்டு. அரண்மனையில் பாயசம் இறக்கினால் அடுத்த நிமிஷம் வாசலில் நிற்பார். அது அவர் பூர்வ புண்ணியம் என்று ராஜா நினைத்திருந்தார்.

பெரிய ஏரிக்குக் கீழே இருந்தது பள்ளத்தூர். முந்தைய மழையில் கரை உடைந்தபோது, சேதி சொல்ல ஆள் ஓடி வருவதற்குள் தண்ணீர் ஓடி வந்துவிட்டது. ஆடு மாடு போயிற்று, விதைநெல் போயிற்று. அடுத்த மழைக்குள் மணி வேண்டும் என்று ஊர்த்தலைவி கொற்றி பக்கத்து ஊர்ச்சபைகளைக் கூட்டினாள். தனியாக இழுக்க எந்த ஊருக்கும் சக்தி இல்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து நார் திரித்து ஒரே பொதுக் கயிறு, ஊருக்கு ஊர் வேறு தாளம் என்று முடிவு செய்தார்கள்.

வில்லவராயருக்கு வயிறு எரிந்தது. "அரசே, ஒரே கயிற்றில் பலர் சேதி போனால் கலந்துவிடும். நாளை தங்கள் ரகசியம் மாட்டுக் கொட்டகையில் ஒலிக்கும்" என்று காதில் ஓதினார்.

ராஜா பயந்துபோய் ஆணையிட்டார். "இனி அவரவர் சேதி அவரவர் கயிற்றில்தான். ஒருவர் கயிற்றில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது."

கொற்றி சபைக்கே வந்துவிட்டாள். "மகாராசா, மேகம் கட்டுது. வீட்டுக்கு ஒரு கயிறுன்னா நாங்க எங்க போவோம்? போன தடவ புள்ளைங்கள புளியமரத்துல கட்டிவச்சுத்தான் காப்பாத்துனோம். இந்தத் தடவயும் தண்ணி வந்த பொறவுதான் சேதி வரணுமா?"

சபை விகடகவி நக்கன் தொண்டையைக் கனைத்தான். வில்லவராயர் முந்திக்கொண்டார். "நக்கனுக்குக் கிராமத்தார் மேல் பரிவு அதிகம். இந்த ஆணையை அவரே நிறைவேற்றட்டும். எள்ளளவு பிசகினாலும் சபையை விட்டுப் போகட்டும்."

"எள்ளளவும் பிசகாது. தலைநகரிலிருந்தே தொடங்குகிறேன்" என்றான் நக்கன்.

மறுநாள் தண்டோரா போட்டான். தெருக் கயிறும் பொதுக் கயிறுதானே? எல்லாவற்றையும் அவிழ்த்தான். இனி வீட்டுக்கு ஒரு கயிறு, அரண்மனை வரைக்கும். ஜனங்கள் கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, தொட்டில் கயிறு என்று கிடைத்ததையெல்லாம் முடிந்து இழுத்து வந்தார்கள். சேதி வந்து சேரும் அரண்மனை மணி மண்டபம் நிரம்பியதும் கயிறுகள் ஜன்னல் வழியாக ராஜாவின் படுக்கையறைக்குள் நுழைந்தன.

ராஜா மதியம் கண்ணயர்ந்தார். தலைமாட்டில் ஒரு மணி: செட்டித் தெருவில் மிளகாய் காய்கிறது. கால்மாட்டில் ஒரு மணி: கோயில் தெருவில் மாமியாரும் மருமகளும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தூக்கம் போன ராஜா சாப்பிடப் புறப்பட்டார். முதல் கயிற்றைத் தாண்டினார், அடுத்ததில் குனிந்தார், அதற்கடுத்ததில் விழுந்தார். விழும்போது கைக்கு வந்த கயிற்றையெல்லாம் பிடித்தாரா, ஊரில் வீட்டுக்கு வீடு மணி அடித்தது. ராஜா கூப்பிடுகிறார் என்று தலைநகரமே அரண்மனை வாசலில் கூடிவிட்டது.

"நக்கரே, என்ன இது?" என்றார் ராஜா, தரையில் கிடந்தபடியே.

"தங்கள் ஆணை, அரசே. கிராமங்கள் இன்னும் பாக்கி. அந்தப்புரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் அதையும் முடித்துவிடுவேன்."

அப்போதுதான் ராஜாவுக்கு மூக்கில் ஏலக்காய் மணந்தது. "பாயசம் இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறதே. வில்லவராயர் எங்கே?"

"இன்று வரமாட்டார், அரசே. பாயசம் தயார் என்று மடைப்பள்ளியிலிருந்து தங்களுக்கு ஒரு கயிறு வருகிறதல்லவா, அதில் யாரோ ஒரு கிளைக்கயிறு முடிந்திருந்தார்கள். பிடித்துக்கொண்டே போனேன். வில்லவராயர் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் விட்டது. தங்கள் கயிற்றில் இன்னொருவர் கை வைக்கலாமா? அறுத்துவிட்டேன்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மேலே சுற்றிக் கிடந்த கயிறுகளும் குலுங்கி, ஊர் மணியெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தன.

ஆணை அன்றே ரத்தாயிற்று. பொதுக் கயிறு எல்லாக் கிராமங்களுக்கும் போயிற்று. நக்கனுக்கு முத்துமாலையும், வில்லவராயர் பங்குப் பாயசமும் கிடைத்தன. வில்லவராயருக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து மணி இழுக்கும் வேலை கிடைத்தது.

ஐப்பசி மழையில் கரை மறுபடி விரிசல் விட்டது. வில்லவராயர் நனைந்துகொண்டே பள்ளத்தூர்த் தாளத்தை இழு இழு என்று இழுத்தார். வெகுநேரம் பதில் இல்லை. ராஜா சாப்பிடாமல் மணி மண்டபத்திலேயே நின்றார். கடைசியில் பள்ளத்தூர்த் தாளம் கேட்டது. கொற்றிதான்.

"எல்லாரும் மேட்டுல இருக்கோம், விதைநெல்லும் பத்திரம். அப்புறம் மகாராசா, மாடு கன்னு போட்டிருக்கு."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கயிற்றைத் தாமே பிடித்து, "காளையா, கிடாரியா?" என்று திருப்பி இழுத்தார்.