இழுத்துப் பார்க்காத கூடுகள்

கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற பனைமரத்துக்குத் தூக்கணாங்குருவிகள் குடிவந்தன. முன்பு அவை இருந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கூடு கட்டாவிட்டால் அந்த வருடம் குஞ்சு இல்லை.

"பொறுப்பா ஒருத்தர் இருந்து வேலை வாங்கினாத்தான் ஆகும்!" என்றது ஒரு குருவி.

எல்லாம் சேர்ந்து குயிலிடம் போயின. குயில் பேசினால் தோப்பு முழுக்கக் கேட்கும். தலைவனுக்கு அது போதும் என்று குருவிகள் நினைத்தன.

குயில் உடனே உச்சி மட்டையில் ஏறியது. "தோப்பில் உள்ளவர்களே, கேளுங்கள்! பௌர்ணமிக்குள் இங்கே எல்லாக் கூடும் தயார்!"

ஆண் குருவிகள் ஓலையையும் புல்லையும் நார் நாராகக் கிழித்தன. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பின்னின.

தூக்கணாங்குருவிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூடு பாதி வளர்ந்ததும் ஆண் குருவி விலகி நிற்கும். பெண் குருவி வந்து அதில் தொங்கும், நாரை அலகால் பிடித்து இழுக்கும். முடிச்சு நழுவினால் மறுபேச்சு இல்லை. பிரித்துவிட்டு மறுபடி பின்ன வேண்டியதுதான்.

தவிட்டி என்ற பெண் குருவி, தன் இணை மஞ்சத்தலையன் கட்டிய கூட்டை இழுத்தது. மேல் முடிச்சு நழுவியது.

"இது நிக்காதுங்க. பிரிச்சிருங்க."

"இப்பத்தானே ஒரு தடவை பிரிச்சேன்! என் அலகைப் பாரு, தேஞ்சே போச்சு!"

"அலகு வளரும். முட்டை வைக்கப்போறது நான்."

குயில் பறந்து வந்தது. "இங்க என்ன கலாட்டா? நான் கட்டச் சொன்னேனா, பிரிக்கச் சொன்னேனா?"

"இழுத்துப் பாத்தேன் அண்ணே. நழுவுது."

"எல்லாம் முடியட்டும். அப்புறம் ஆற அமர இழுத்துப் பாரு!"

"முடிஞ்ச பிறகு உள்ளே முட்டை இருக்குமே அண்ணே. அப்ப எப்படி இழுக்கிறது?"

குயிலின் சிவந்த கண் இன்னும் சிவந்தது. "பௌர்ணமின்னு தோப்புக்கே சொல்லியாச்சு. என் பேச்சு என்ன ஆகிறது?"

"நீங்க இதுவரைக்கும் ஒரு கூடாவது கட்டியிருக்கீங்களா?"

"கட்டத் தெரிஞ்சவன் கட்டுவான். கட்ட வைக்கத் தெரிஞ்சவன்தான் தலைவன்!"

ஆண் குருவிகள் சிறகடித்து ஆரவாரம் செய்தன. குயில் மேல் இருந்த அன்பினால் அல்ல. பின்னியதைப் பிரிக்க வேண்டாம் என்றதும் அவற்றுக்கு உடம்பு லேசாகிவிட்டது. மஞ்சத்தலையன்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிறகடித்தது.

"விடு தவிட்டி. எல்லாருக்கும் ஆகிறது நமக்கும் ஆகட்டும்" என்றன மற்றப் பெண் குருவிகள்.

தவிட்டி சுற்றிலும் பார்த்தது. தன் பக்கம் நிற்க ஒரு குருவி இல்லை. வயிற்றில் முட்டை கனத்தது. கூட்டுக்குள் போய் உட்கார்ந்தது.

பௌர்ணமிக்கு முன்பே வேலை முடிந்தது. தோப்பே குயிலைப் புகழ்ந்தது. மைனாக்கள் வேடிக்கை பார்க்க வந்தன. "அடேயப்பா! ஊஞ்சல் மாதிரி ஆடுதே!"

எல்லாக் கூட்டிலும் முட்டை வைத்துச் சில நாள் கழித்து, ஒரு பிற்பகலில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. முடிச்சுகள் நழுவின. கூடுகள் ஒவ்வொன்றாகக் கிணற்றில் விழுந்தன.

தவிட்டி தன் கூட்டின் நாரை அலகால் கவ்விப் பிடித்தது. துணைக்கு மஞ்சத்தலையனைக் கூப்பிட முடியவில்லை. அலகைத் திறந்தால் கூடு போய்விடும். திறக்கவே இல்லை. ஆனாலும் ஈர நார் அலகைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மூன்று முட்டைகளோடு கூடு தண்ணீரில் விழுந்த சத்தம், மழைச் சத்தத்தில் தனியாகக்கூடக் கேட்கவில்லை.

மழை விட்டதும் குயில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தது. "ஒரு முடிச்சுப் போடத் தெரியாத கூட்டம்! உங்களுக்குத் தலைவனா வந்தது என் தப்பு!" என்றது. அன்று சாயங்காலமே பக்கத்துத் தோப்பு அதைத் தலைவனாக அழைத்துக்கொண்டது.

மஞ்சத்தலையன் மெல்ல வந்து தவிட்டியின் அருகில் உட்கார்ந்தது.

"வேற கூடு கட்டித் தரேன், தவிட்டி. எத்தனை தடவை வேணும்னாலும் இழுத்துப் பாரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எதை வைக்கிறதுக்கு?" என்றது தவிட்டி.

குறையைச் சொல்பவரை வேலைக்குத் தடை என்று ஒதுக்கும் தலைவன் தான் சொன்ன தேதியைக் காப்பாற்றிக்கொள்வான். அதற்கான விலையை அவனுக்கு ஆரவாரம் செய்தவர்களின் பிள்ளைகள் கொடுப்பார்கள்.