பொங்கியண்ணன் கையால செஞ்ச காரு

மில்லு மொதலாளி பொங்கியண்ணன் வீட்டு ரேஸ் காருக்குப் புது இன்ஜின் ஏத்தி, ஒயரிங், கம்ப்யூட்டரெல்லாம் மாத்துனவ மெக்கானிக் மயிலாத்தா. "மொத ரேஸ் நீதான் ஓட்டோணும்"னு ஆச காட்டித்தான் வேல வாங்குனாரு. காருக்குப் பூச போட்டன்னிக்குக் கூட்டத்தப் பாத்ததும் மனுசனுக்குத் தலகால் தெரியல. "எல்லாம் என் கையால செஞ்சது, ரேஸும் நாந்தான்"னு ஏறி உக்காந்து சாவியத் திருகுனாரு. காரு மூச்சே விடல. டயருக்கடியில வெச்ச எலுமிச்சம்பழம் கல்லாட்டம் குந்தியிருக்குது.

"ஏ புள்ள, என்ன பண்ணித் தொலச்ச?"

"நான் எங்கங்க பண்ணுனேன்? உங்க கையால செஞ்சதாச்சே! மொத்தக் கரண்டையும் நிறுத்தற சுவிச்ச எங்க வெச்சீங்கன்னு பாருங்க."

சீட்டுக்கடியில தடவுனாரு, பானட்டுக்குள்ள தலைய விட்டாரு. கூட்டம் விசிலடிச்சுது. "தாயே, நீயே ஓட்டு"ன்னுட்டாரு.

மயிலாத்தா ஏறி அந்தச் சுவிச்சத் தட்டிச் சாவியத் திருகுனா. காரு உறுமுச்சு. மொதலாளி ஓடிவந்து அந்தப் பக்கக் கதவத் தொறந்தாரு.

"நான் எங்க புள்ள உக்கார்றது?"

"இதுக்கு ஒத்த சீட்டுதானுங்க மொதலாளி. நீங்கதான செஞ்சீங்க, மறந்துட்டீங்களாட்ட இருக்குது!"