சிலுப்பாத கிடா

மேகம் வந்து கூரை மேல உக்காந்துட்டுப் போற ஒசரத்துல, ஒரு மலையில, ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல மொக்கத்தாயி, மொக்கத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல, புள்ள இல்ல, ஆடுதான் அவளுக்கு எல்லாம். அது சாதாரண ஆடு இல்லடா. கீழ நாட்டுச் செம்மறிக்கு ரோமம் குட்டையா, தண்ணி பட்டா தோலோட ஒட்டிக்கிற மாதிரி இருக்கும்ல? இதுக்கு எண்ணெய் தடவி விட்டாப்புல கனத்த ரோமம், கரிப்பிடிச்ச சட்டி மாதிரி மூஞ்சி, காது மட்டும் கட்டவெரல் அளவு. மழையிலயே நிக்கும், பனியிலயே படுக்கும், ஒரு தும்மல் தும்மாது. ஒலகத்துலயே அந்த ஒரு மலையிலதான் அந்த ஆடு இருந்துச்சு, வேற எங்க கொண்டு போனாலும் பொழைக்காது.

அப்ப கீழ நாட்டுல ஒரு ராசா. ராசாவுக்கு ஒரு காரியக்காரர். அரண்மனை அடுப்படிக்கு வேண்டியத வாங்கிப் போடுறது அவர் வேல. வாங்கிப் போடுறதுன்னா நீ என்னமோ நெனைச்சுக்காத, புடுங்கிப் போடுறதுதான்.

முத வருசம் மலையேறி வந்தாரு. "ராசாவுக்கு விருந்து, கொழுத்த கிடாயா அவுத்து விடுங்க"ன்னாரு. ஊரு பயந்து போயி அவுத்து விட்டுச்சு. மறு வருசம் வந்தாரு. "ராசாவுக்கு விருந்து, கொழுத்த கிடாயா அவுத்து விடுங்க"ன்னாரு. அவுத்து விட்டுச்சு. மூணாம் வருசமும் வெட்டுக்காரனக் கூட்டிக்கிட்டு வந்து, "ராசாவுக்கு விருந்து"ன்னு வாயத் தொறந்தாரு. அப்ப ஊர்லயே மிச்சம் இருந்தது ஒத்தக் கிடா. மொக்கத்தாயி வீட்டுப் பொலிகிடா.

வெளங்குதா ஒனக்கு? ஊரு முழுக்கப் பொட்டையாடா நிக்குது, கிடா ஒண்ணே ஒண்ணு. அதையும் வெட்டிப்புட்டா குட்டி ஏது? அதோட அந்த ஆட்டு வம்சமே முடிஞ்சு போச்சு.

மொக்கத்தாயி ஓடி வந்து கிடா கழுத்தக் கட்டிக்கிட்டு, "எசமான், இது ஒண்ணுதான் பாக்கி. இத வெட்டினா இந்த ஆடே பூமியில இல்லாமப் போயிரும் எசமான்"னா.

"இல்லாமப் போனா என்ன? நாளைக்கி விருந்துக்கு இருக்குல்ல, போதும்"னாரு அவரு.

அவ இப்படியும் ஒரு மனுசன் பேசுவானான்னு ஊரப் பாக்குறா. ஊரு தரையப் பாக்குது. சரின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா, "கூட்டிட்டுப் போங்க எசமான். ஆனா கத்திக்குப் போற ஆட்ட அம்மங்கல்லு முன்னால நிப்பாட்டி மஞ்சத்தண்ணி தெளிக்கணும். அது ஒடம்பச் சிலுப்புனாத்தான் அம்மன் உத்தரவு. சிலுப்பலேன்னா வெட்டக் கூடாது. ஒங்க ஊர்லயும் அதான வழக்கம்?"

காரியக்காரரு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. அவரு கண்டதெல்லாம் கீழ நாட்டு ஆடு, ரெண்டு சொட்டுப் பட்டாலே உலுக்கும். நேரா போயி அம்மங்கல்லு மேல கைய வச்சு, ஊரு கேக்க, "சிலுப்புன உசுரு அம்மனுக்குச் சொந்தம். சிலுப்பலேன்னா நான் வெறுங்கையோட எறங்கிப் போறேன். அம்மன் மேல ஆணை!"ன்னு அடிச்சுச் சொன்னாரு.

அம்மங்கல்லுப் பூசாரி ஒரு கை மஞ்சத்தண்ணி எடுத்துத் தெளிச்சாரு. கிடா அசை போட்டுச்சு.

ஒரு செம்பு தண்ணிய முதுகுல ஊத்துனாரு. ரோமத்து மேல உருண்டு உருண்டு தரையில விழுந்துச்சு. கிடா அசை போட்டுச்சு.

காரியக்காரருக்கு மூஞ்சி செவந்து போச்சு. "கொண்டாய்யா குடத்த!"ன்னு பூசாரி கையில இருந்து புடுங்குனாரு. புடுங்கி என்ன செஞ்சாருங்குற? முதுகுல ஊத்தல. கிடாவோட கொம்பப் புடிச்சு ஒரு பக்கமாச் சாச்சு, அந்தக் குட்டிக் காதுக்குள்ள ஊத்தப் போனாரு. காதுக்குள்ள தண்ணி போனா யானையே தலைய உலுக்கும்டா, கிடா எம்மாத்திரம்!

"ஐயோ, காதுல ஊத்துறது வழக்கமில்ல எசமான்!"னு மொக்கத்தாயி கத்துறா. அடப்பாவி, அம்மன் மேல ஆணையிட்டுட்டு அம்மன் முன்னாடியே களவாணித்தனமான்னு ஊரே வாயப் பொளந்து நிக்குது.

கிடா அதுவரைக்கும் பொறுத்துச்சு. கொம்பத் தொட்டா எந்தக் கிடா பொறுக்கும்? ரெண்டடி பின்னால போச்சு, வந்து வச்சுச்சு பாரு வயித்துல ஒரு முட்டு! காரியக்காரரு மல்லாக்க விழுந்தாரு, குடம் அவரு தலையிலயே கவுந்துச்சு. சுனைத் தண்ணி. அந்த நேரம் பாத்து மலைக்காத்து வேற. எந்திரிச்சு நின்ன மனுசன், தலையில ஆரம்பிச்சுத் தோளு, தொந்தி, தொடைன்னு ஒடம்ப ஒரு சிலுப்பு சிலுப்புனாரு, மஞ்சத்தண்ணி சுத்தி நின்ன அத்தன பேரு மூஞ்சியிலயும் தெறிச்சுச்சு.



"சிலுப்பிருச்சு"ன்னாரு பூசாரி.

"சிலுப்பிருச்சு"ன்னுச்சு ஊரு.

"சிலுப்பிருச்சே!"ன்னான் வெட்டுக்காரன். அவன் சாமிக்குப் பயந்தவன். கண்ணு ரெண்டும் நட்டுக்க, அருவாளத் தூக்கிக்கிட்டு ஒரு எட்டு முன்னால வந்தான்.

"டேய், நான்டா! ஒன் எசமான்டா!"

"தெரியுது எசமான். அம்மன் கேட்டுருச்சே எசமான், நான் என்ன செய்ய?"

மொக்கத்தாயி கிடா தப்பணும்னுதான் நெனைச்சா, இப்படி ஆகும்னு கனவுலயும் நெனைக்கல. ஓடிப் போயி குறுக்க விழுந்து, "அண்ணே, அருவாளக் கீழ போடு! மூணு வருசமா இந்த மலை ரத்தம் பாத்தது போதும். அம்மனுக்குத்தான சொந்தம்? வெட்ட வேணாம், நேந்து விட்டுருவோம்"னா.

நேந்து விடுறதுன்னா தெரியுமா? வெட்டாம, சாமி பேரச் சொல்லி விட்டுர்றது. அது சாகுறமுட்டும் சாமி எல்லைக்குள்ளயேதான் கெடக்கணும். பூசாரி மறு பேச்சில்லாம ஒரு ஆட்டு மணிய எடுத்துக் காரியக்காரரு கழுத்துல கட்டிவிட்டாரு.

கொஞ்ச நாளு பாத்தாரு ராசா, காரியக்காரரக் காணோம். பல்லக்குல ஏறி மலைக்கே வந்துட்டாரு. வந்து பாத்தா, கிடாவுக்குப் பின்னால, கழுத்துல மணியோட, கம்பளியப் போத்திக்கிட்டு வெடவெடன்னு வருது ஒரு ஆளு. ராசாவுக்குத் தலை சுத்திருச்சு. பூசாரி நடந்ததெல்லாம் சொன்னாரு.

"விருந்தா? எனக்கா?"ன்னாரு ராசா. "எனக்குத்தான் கறியே சேராதே! வருசக்கணக்கா கஞ்சிதான குடிக்கிறேன்!"

ஊருக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அப்ப அத்தன கிடாயும் யாரு வயித்துக்குப் போச்சு? எல்லாரும் ஒரே நேரத்துல காரியக்காரரு தொந்தியத் திரும்பிப் பாத்தாங்க. அவரு கம்பளிய இழுத்து மூடிக்கிட்டாரு.

"ராசா, என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க ராசா!"ன்னு கால்ல விழுந்தாரு.

ராசா ரெண்டடி தள்ளி நின்னாரு. "அம்மன் எடுத்துக்கிட்டத நான் திருப்பிக் கேட்டா என் குலம் வெளங்குமாய்யா?"ன்னுட்டுப் பல்லக்குல ஏறி மலைய விட்டு எறங்கிப் போயிட்டாரு.

அந்தத் தை மாசம் மலை முழுக்கக் குட்டி விழுந்துச்சு. முத விழுந்ததே கிடாக்குட்டி. அத நனையாமத் தூக்கிட்டு வந்தது யாரு? காரியக்காரருதான். மழையில குட்டி சும்மா இருந்துச்சு, தூக்குன ஆளுதான் சிலுப்பிக்கிட்டே வந்தாரு. மொக்கத்தாயி குட்டிய வாங்கி மடியில போட்டுக்கிட்டு அழுதா, சிரிச்சா, மறுபடி அழுதா.

அதனாலதான் சொல்றேன், அடுத்த உசுரு மேல தண்ணி தெளிக்கிறவன் தன் தலைக்கும் அது எட்டும்னு நெனைச்சுக்கிட்டே தெளிக்கணும்.

ஆடு பட்டிக்குப் போச்சு, அருவா கூரைக்குப் போச்சு, கதை ஒன் காதுக்கு வந்துச்சு. கண்ண மூடு.