நாலே நாலு போட்டோ

சிரிக்க வைக்காமல் விடமாட்டேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், டாக்டர் வைகுந்தமணி காரிலிருந்து இறங்கட்டும். வைத்தியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிகளில் பணம் போடும் பெரிய வள்ளல் அவர். மீனவக் குப்பத்தில் அவருடைய இலவச முகாம்.

"நாலே நாலு போட்டோ எடும்மா. எடுத்ததும் கிளம்பிடுவேன்," என்று கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தார்.

போட்டோகிராபர் பிலோமினா நோயாளிகளின் வரிசையைப் பார்த்தாள். கடைசியில் அவள் அம்மா மூச்சிரைக்க நின்றாள்.

"சும்மா நின்னா எடுபடாது சார். நெஞ்சுல குழாயை வைங்க, மருந்து எழுதுங்க... ஆகா! அடுத்த ஆள் வாங்க! ஐயோ, கண்ணை மூடிட்டீங்க சார், இன்னொண்ணு!" க்ளிக், க்ளிக், க்ளிக்.

அம்மாவுக்கும் மருந்து எழுதிய பிறகுதான் டாக்டர் கேமராவை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா, நாலுதான் இருக்கு?"

"நீங்க நாலுதானே சார் கேட்டீங்க?"

"அப்போ பொழுது சாயுற வரைக்கும் கேட்ட சத்தம்?"

பிலோமினா நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள். க்ளிக்.

டாக்டர் காலியான வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அடிப்பாவி!"