வேர் கூப்பிடும் விதம்

கல்வராயன் மலையடிவாரத்தில் குடில் வைத்திருந்த மரகதம்மாளுக்கு நாற்பது வயதுதான். அவரிடம் சீடராக வந்த கோதண்டத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இனி யாரையும் அண்டி வாழக்கூடாது என்ற வைராக்கியத்தோடு வந்திருந்தார்.

அந்த மாசியில் அவருக்கு முழங்கால் வீங்கியது. யாரிடமும் சொல்லாமல் ஓடையிலிருந்து வழக்கம்போலத் தண்ணீர் சுமந்தார். மூன்றாம் நாள் பாறையில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. மேட்டில் மற்ற சீடர்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அப்போதும் கூப்பிடவில்லை. உச்சி வெயிலில் மரகதம்மாள்தான் தேடி வந்து பார்த்தார்.

சாயங்காலம் முழங்காலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டார். "ஒரு குரல் கொடுத்தா என்ன ஐயா?"

"யாரும் வேணாம்னுதானேம்மா இங்க வந்தேன். கூப்பிட்டுட்டா, வந்ததுக்கு என்ன அர்த்தம்?"

மரகதம்மாள் எழுந்து போய் இரண்டு தட்டைப்பயறுச் செடிகளை வேரோடு எடுத்து வந்தார்.

"இது எருக்குழி ஓரம் நின்னது. இது சரளை மண்ணுல நின்னது. வேரைப் பாருங்க."

எருக்குழிச் செடியின் வேர் வெறுமையாக இருந்தது. மற்றதன் வேரெங்கும் சின்னச் சின்ன முடிச்சுகள். கோதண்டம் ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"சீக்காம்மா?"

"விருந்தாளிங்க. மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு இதுக்குக் கொடுக்குது. இது அதுங்களுக்குச் சர்க்கரை கொடுக்குது."

"இங்க வரணும்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்து பத்தலைன்னா வேர் ஒரு சாறு கசியவிடும். பூவுக்கு நிறம் கொடுக்குதே, அந்தச் சாறோட உறவு. அது மண்ணுல பரவினா, அந்த உயிருங்க அதைப் பிடிச்சுக்கிட்டு வந்துடும்."

கோதண்டம் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கசியலைன்னா?"

"பக்கத்துலயேதான் இருக்கும். வராது."

மறுநாள் காலை கோதண்டம் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"மாசிலாமணி, கொஞ்சம் வாப்பா."

பக்கத்துக் குடிலின் மாசிலாமணி ஓடி வந்தார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர். ஆளுக்கொரு பக்கம் தாங்கி எழுப்பினார்கள்.

கோதண்டத்துக்கு வெட்கமாகிவிட்டது. வாசலில் நின்ற மரகதம்மாளைப் பார்த்து முணுமுணுத்தார். "ஒருத்தரைத்தானேம்மா கூப்பிட்டேன்."

"நீங்க நொண்ட ஆரம்பிச்ச நாலு நாளா எல்லாருமே காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாங்க ஐயா."