கல்மிருகமும் ஒற்றை முத்திரையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சிவகாசியில் எங்கள் அச்சகத்தின் பண்டல் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆப்செட் இயந்திரம் ஓட்டும் பால்பாண்டி. பைண்டிங் பிரிவுப் பெத்துராஜ். முன்பு கட்டிங் இயந்திரத்தில் வேலை பார்த்து, வலக்கை விரல்கள் மூன்றை அதனிடம் விட்டுவிட்டு, இப்போது லேபிள் அடுக்கும் குருவம்மாள். தாள் எண்ணும் நான். கைப்பேசிகள் மூன்று, பென்சில் ஒன்று.

அவர்கள் மூவரும் ஆடுவது 'ஆழிக்கோட்டை' என்ற இணைய விளையாட்டு. எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அணி அணியாக அதற்குள் புகுந்து மோதுவார்கள். எங்கள் அணியில் பால்பாண்டி கேடயக்காரர், பெத்துராஜ் வில்லாளி, குருவம்மாள் மருத்துவச்சி. மருத்துவச்சிக்கு ஒரே பொத்தான்தான். இடக்கைக் கட்டைவிரல் போதும். வேறு எந்தப் பாத்திரத்தையும் குருவம்மாளால் ஆட முடியாது.

வெல்ல வேண்டியது கல்மிருகத்தை. அதன் உயிர் 400. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வில்லாளியின் அம்பு பாயும். மிருகத்துக்கு 40 குறையும். அடுத்து மருத்துவச்சி கேடயக்காரருக்கு 20 உயிர் ஏற்றுவார். கடைசியில் மிருகம் கேடயக்காரரை அறையும். அறை 40, அதில் 12-ஐக் கேடயம் தடுக்கும். கேடயக்காரரின் முழு உயிர் 160. அதற்கு மேல் ஏற்றினாலும் ஏறாது. அவர் விழுந்தால் அணியே விழுந்ததாகக் கணக்கு.

முந்தைய ஞாயிறு மிருகத்தைச் சாய்த்தபோது பால்பாண்டியிடம் 68 உயிர் மீதி இருந்தது. எல்லா ஊர் அணிகளும் இப்படியே சுலபமாக வென்றிருக்கின்றன. விளையாட்டை உருவாக்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். "பாத்திரங்களின் ஆற்றல் மிகுந்துவிட்டது, சமன் செய்கிறோம்" என்று அறிவித்து, ஒவ்வொன்றிலும் கால் பங்கைக் குறைத்தார்கள். அம்பு 30 ஆயிற்று, மருந்து 15, கேடயம் 9. மிருகம் பழைய மிருகமே; கேடயக்காரரின் 160 உயிரும் அப்படியே. ஆறுதலுக்கு அணிக்கு ஒரு முத்திரை கொடுத்தார்கள். அதை எந்தப் பாத்திரத்துக்குப் போடுகிறோமோ, அதன் பழைய ஆற்றல் குறையாது.

மோதல் மூன்று மணிக்கு. வாய்ப்பு ஒன்றே ஒன்று. தோற்றால் மருத்துவச்சியை எடுத்துவிட்டு, திருத்தங்கலிலிருந்து இன்னொரு வில்லாளியைச் சேர்ப்பது என்று பால்பாண்டி முன்பே பேசி வைத்திருந்தார். அது குருவம்மாளுக்கும் தெரியும்.

"அடி வாங்குறவன் நான். முத்திரை எனக்குத்தான்" என்றார் பால்பாண்டி.

"உங்க ஒடம்புக்கு அதெல்லாம் கொசுக்கடிண்ணே" என்றார் பெத்துராஜ். "அக்காவுக்கே போடுவோம். மருந்து கொறஞ்சா திருத்தங்கல்காரன் அவங்க எடத்துல வந்து உக்காந்துக்கிருவான்."

குருவம்மாள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு வேணாம் தம்பி. ஒன் அம்புக்குப் போடு."

"ஏக்கா, ஒன் எடத்துக்கு நீயே வேட்டு வைக்கிறியா?" பால்பாண்டி சிரித்துவிட்டார். "அவனுக்குப் போட்டாலும் பத்து அம்பு வேணும். பத்து அம்புன்னா பத்து அடி. நான் கணக்குப் போட்டுட்டேன், பத்தாவது அடியில போய்ச் சேந்துருவேன்."

"ஏப்பா, ஓரம் வெட்டுன தாளைப் பத்துத் துண்டாக்க எத்தனை வெட்டு?" என்று கேட்டார் குருவம்மாள்.

"பத்து."

"அதான் மொதலாளி ஒன்னைய கட்டிங் பக்கமே விடல."

பெத்துராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். பால்பாண்டிக்கு முகம் சிவந்தது. மணி இரண்டு ஐம்பத்தாறு. முத்திரை இன்னும் யாருக்கும் போடவில்லை. பால்பாண்டி தனக்கு என்கிறார். பெத்துராஜ் குருவம்மாளுக்கு என்கிறார். குருவம்மாள் பெத்துராஜுக்கு என்கிறார்.

படிக்கிறவர்கள் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் பேச்சைக் கேட்டால் அணி பிழைக்கும்?

விடை: குருவம்மாள் பேச்சை. முத்திரை கேடயத்துக்கு என்றால் அம்பு 30 தான்; பதினான்கு அம்பு வேண்டும். ஆனால் பன்னிரண்டாவது அடியிலேயே பால்பாண்டி விழுவார். மிருகத்துக்கு 40 மிஞ்சும். மருந்துக்கு என்றால் பன்னிரண்டாவது அடிவரை தாங்குவார். பதின்மூன்றாவது அடிக்கு மூன்றே மூன்று புள்ளி போதாமல் போகும். அம்புக்கு என்றால் பத்தே அம்பு. அடி பத்து அல்ல, ஒன்பது. சுற்றில் அம்புதான் முந்தும். பத்தாவது அம்பு பாய்ந்த பிறகு அறைய மிருகம் இருக்காது. பத்துத் துண்டுக்கு ஒன்பது வெட்டு. முதல் சுற்றில் உயிர் நிறைந்திருப்பதால் அந்த மருந்து வீண்; மீதி எட்டு மருந்தும் ஏறும். இதை நான் தாளில் போட்டுக் காட்டினேன். பால்பாண்டி இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, தன் கையாலேயே முத்திரையைப் பெத்துராஜின் வில்லுக்குப் போட்டார். மூன்று மணிக்கு மோதல் தொடங்கியது. பால்பாண்டியின் உயிர் 129, 113, 97 என்று இறங்கியது. 17-க்கு வந்தது. குருவம்மாளின் கட்டைவிரல் ஒன்பதாவது முறையாக அழுத்தியது, 32. ஒன்பதாவது அறை விழுந்தது. பத்தாவது அம்பு பாய்ந்தது. கல்மிருகம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. பெத்துராஜ் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பால்பாண்டி அங்கேயே திருத்தங்கலுக்குப் போன் போட்டு, "தம்பி, எங்க அணியில எடமில்ல, நீ வேற பாத்துக்க" என்றார். குருவம்மாள் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

பால்பாண்டியிடம் மீதி இருந்த உயிர்: 1.