தூதுவளைக்குக் கட்டிய காப்பு

சங்கிலிமுத்து சீடனாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்துநான்கு.

குருவின் பெயர் வெள்ளைத்தாய். ஆனைக்கல் மலையடிவாரத்தில் இருந்தாள். எந்தப் பச்சிலை எந்தப் பாறை இடுக்கில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எதை எப்போது தொடக்கூடாது என்பதும் தெரியும்.

சங்கிலிமுத்து முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"தாயி, என் வீட்டுக்காரிக்கு இளைப்பு. ஒரு வாய் பேசினா ரெண்டு மூச்சு வாங்குறா. தூதுவளை சாப்பிட்டா நெஞ்சுச் சளி இளகும்னு சொன்னாங்க. ஒரு பை நிறையக் கொடு, போயிர்றேன்."

"ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. மருந்து கொடுத்திருக்காங்க."

"அதை நிறுத்திறாதீங்க. நாளைக்குக் காலையில வாங்க. நீங்களே பறிக்கலாம்."

"இன்னைக்கே நீ பறிச்சுத் தந்தா என்ன?"

"அவங்க பேரு என்ன?"

"அன்னமயிலு."

"அன்னமயிலு உங்க வீட்டுக்காரியா, என் வீட்டுக்காரியா?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் வந்தார்.

மலை ஏறும்போது கேட்டார். "எத்தனை கிலோமீட்டர் தாயி?"

"கேட்டுக்கிட்டே நடந்தா ரொம்ப தூரம்."

இரண்டு வருஷமாக மழை சரியில்லை. மலையில் தூதுவளை எல்லாம் காய்ந்துவிட்டது. ஒரு பெரிய பாறையின் நிழலில் ஒரே ஒரு கொடி மட்டும் உயிரோடு இருந்தது. முப்பது இலை இருந்தால் அதிகம்.

சங்கிலிமுத்து பாய்ந்து கையை நீட்டினார். முள் சட்டைக் கையில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். சட்டை கிழிந்தது. முள் இன்னும் மாட்டியே இருந்தது.

"கொக்கி போட்டு இழுக்குது தாயி!"

"அது சும்மாதான் இருக்கு. நீங்கதான் இழுக்குறீங்க. முள்ளு உள்பக்கமா வளைஞ்சிருக்கு பாருங்க. கை எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பப் போகட்டும்."

அவர் கையை வந்த வழியே மெல்லக் கொண்டுபோனார். முள் விட்டுவிட்டது.

வெள்ளைத்தாய் மடியில் இருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்தாள்.

"முதல்ல காப்புக் கட்டணும். எதுக்காக வந்தோம்னு செடிகிட்டச் சொல்லணும். நம்ம நிழல் அது மேல விழக்கூடாது. பறிக்கும்போது நகம் படக்கூடாது."

லாரியை எடுக்கும் முன் எண்ணெய், காற்று, பிரேக் என்று பார்ப்பதுபோல அவர் ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.

அவள் நூலை இரண்டாக அறுத்தாள். ஒரு பாதியைத் தண்டின் அடியில் தளரக் கட்டினாள். மறுபாதியை என்ன செய்தாள் என்று அவர் பார்க்கவில்லை. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் செடியின் முன் நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு மூன்று இலைகளைப் பறித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மூணா?"

"மூணு."

"மூணு இலையில என்ன ரசம் வைக்கிறது?"

"மூணு இலை ரசம். அதுக்கு மேல எடுக்கச் செடி சம்மதிக்கலை."

"சம்மதிக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நின்னு பார்த்தேன்."

"நானும்தானே நின்னேன்."

"நீங்க நின்னீங்க."

அன்று அன்னமயில் ரசத்தைக் குடித்துவிட்டு, "தொண்டைக்கு இதமா இருக்குங்க" என்றாள். அந்த ஒரு சொல் போதும். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளைத்தாயிடம் சொல்லாமல் தனியாக ஏறினார். கடையில் வாங்கிய நூல்கண்டு, குழைத்த மஞ்சள், எல்லாம் கொண்டுபோயிருந்தார். தண்டில் நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கூடுதலாகக் கட்டினால் கூடுதல் பலன் என்று நினைத்தார். மிச்ச நூல் தரைவரை தொங்கியது.

"என் பொண்டாட்டிக்கு இளைப்பு. வந்த விஷயம் அதுதான்" என்று செடியிடம் சொன்னார். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து நிழல் விழாமல் நின்றார். நகம் படவில்லை. கடைசி இலை வரைக்கும் பறித்தார். பை கால்வாசிகூட நிறையவில்லை.

இறங்கும் வழியில் குருவைப் பார்த்தார்.

"முறை ஒண்ணுகூடத் தப்பலை தாயி. காப்புக் கட்டினேன், சொன்னேன், நிழலும் விழலை."

"எத்தனை இலை?"

"இருந்ததெல்லாம்."

வெள்ளைத்தாய் அவர் பையைப் பார்த்தாள். அவர் கொஞ்ச தூரம் போன பிறகு கூப்பிட்டாள். "அய்யா, இலையிலயும் முள்ளு இருக்கும். கிள்ளிப் போட்டுட்டு அரைக்கணும்."

அவருக்குக் காதில் விழவில்லை. நடை அப்படி.

துவையலை வாயில் வைத்த அன்னமயிலுக்கு நாக்கிலும் தொண்டையிலும் குத்தியது. இருமல் வந்தது. பெற்ற பிள்ளைக்கு முதுகு தட்டுவதுபோல அவர் தட்டினார்.

"ஏங்க," என்றாள் மூச்சு வந்த பிறகு. "என்னைப் பிழைக்க வைக்கிறீங்களா, வேற ஏதாவது யோசனையா?"

"வேகமா அரைச்சிட்டேன் மயிலு."

"அம்மியிலயுமா லாரி ஓட்டுவீங்க?"

மீதி இலைகள் பையிலேயே புழுங்கி, மூன்றாம் நாள் கறுத்துப்போயின. நான்காம் நாள் அவள் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். அவர் பையை உதறிப் பார்த்தார். பிறகு மலைக்கு ஓடினார்.

பாறை நிழலில் மொட்டைக் கொடி நின்றது. நுனி காய்ந்து பழுப்பாகியிருந்தது. அடியில் மஞ்சள் நூல் மட்டும் புதுசாக இருந்தது.

வெள்ளைத்தாய் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"தாயி, தப்பு நடந்துபோச்சு. வேற மலையில எங்கயாவது கிடைக்குமா? சொல்லு, இப்பவே பஸ் ஏறுறேன்."

"உட்காருங்கய்யா."

உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல அம்மனுக்குத் திருவிழா உண்டா?"

"உண்டு."

"காப்புக் கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க. எனக்குத்தான் ஒரு வருஷமும் வாய்க்கலை. எப்பவும் லோடு இருக்கும்."

"கட்டினவங்களுக்கு என்ன கட்டுப்பாடு?"

"வெளியூர் போகக்கூடாது. திருவிழா முடிஞ்சு காப்பை அவிழ்க்கிற வரைக்கும் ஊரோட இருக்கணும்."

அவள் செடியில் இருந்த நூலைக் காட்டினாள்.

"நீங்க செடிக்கு மட்டும் கட்டியிருக்கீங்க."

"ஆமா."

"செடி எங்கய்யா போகப்போகுது?"

அப்போதுதான் அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். ஐந்தாறு நூல்கள் இருந்தன. சில வெளுத்து வெள்ளையாகியிருந்தன. ஒன்று மட்டும் இன்னும் மஞ்சளாக இருந்தது.

அவர் கையை நீட்டினார். தரைவரை தொங்கிய மிச்ச நூலை அவள் அறுத்து அவர் மணிக்கட்டில் கட்டினாள். தண்டை இறுக்கியிருந்த சுற்றுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

"எவ்வளவு நாள் தாயி?"

"கிலோமீட்டர்ல சொல்லட்டுமா?"

அன்றிலிருந்து லாரியில் வைத்திருந்த ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு தினமும் காலையில் ஏறினார். வேரில் சொட்டுச் சொட்டாக விட்டார். கடகடவென்று கவிழ்த்தால் பாறைச் சரிவில் ஓடிவிடுகிறது என்று முதல் நாளே தெரிந்துபோனது.

தண்ணீர் விட்டு வந்தால் பகல் முழுக்க வேறு வேலை இல்லை. ஊரை விட்டும் போக முடியாது. அதனால் அன்னமயில் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்து வேளையைத் தப்பவிடவில்லை. வெந்நீர் வைத்தார். தலையணையை வெயிலில் போட்டார். அடுப்புப் புகை பட்டால் இருமுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

"சக்களத்திக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தாச்சா?" என்பாள் அவள், தினமும்.

"ஆச்சு."

"எப்படி இருக்கா?"

"உன்னை மாதிரிதான். மொட்டையா நின்னாலும் முள்ளுக்குக் குறைச்சல் இல்லை."

அதைக் கேட்டுச் சிரித்தால் இருமல் வரும். வந்தாலும் சிரிப்பாள். அவருக்குப் பயமாக இருக்கும். அடுத்த நாளும் அதையே சொல்வார்.

பதினைந்து நாள் கொடியில் ஒன்றும் இல்லை. செத்துவிட்டதோ என்று நகத்தால் தண்டைக் கீறிப் பார்க்கக் கை போனது. நகம் படக்கூடாது என்று கையை எடுத்துக்கொண்டார். பதினெட்டாம் நாள் கணுவில் பச்சையாக ஒரு புள்ளி. கடுகு அளவு. ஓடிப்போய்க் குருவிடம் சொன்னார்.

"ஓடாதீங்கய்யா, கல்லு வழுக்கும்" என்றாள் அவள்.

வைகாசி போய் ஆனி வந்தது. ஒரு கோடை மழையும் பெய்தது. கொடி பாறையில் பாதி ஏறிவிட்டது. ஊதாப் பூ ஒன்று பூத்தது.

அன்று சங்கிலிமுத்து செடியின் முன் நின்றார். வாட்ச் வீட்டில் இருந்தது. மருந்து வேளை பார்ப்பதற்காக அதை அன்னமயில் தலைமாட்டில் மாட்டியிருந்தார். ஒரு முள் வந்து சட்டைக் கையில் மாட்டியது. மாட்டிய இடம் முன்பு கிழிந்து அன்னமயில் தைத்துக் கொடுத்த இடம். அவர் அசையாமல் நின்றார். பிறகு கையை வந்த வழியே கொண்டுபோனார்.

இலைகளோடு குருவின் குடிசைக்கு வந்தார். முகத்தில் ஒரு தவிப்பு இருந்தது.

"தாயி, செடி தழைச்சிருச்சு. இனி காப்பை அவிழ்த்துரலாமா?"

"என்ன அவசரம்?"

"பழைய முதலாளி போன் பண்ணினார். நாக்பூருக்கு ஒரு லோடு. போக ஒரு வாரம், வர ஒரு வாரம். ஸ்டியரிங்கைத் தொட்டு ரொம்ப நாளாச்சு. கை அரிக்குது."

அவள் அவர் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ரெண்டு இலைதானா?"

"ரெண்டு போதும்னு தோணிச்சு."

"யாருக்குத் தோணிச்சு?"

"தெரியலை தாயி."

"சரி. வீட்டுல எப்படி இருக்காங்க?"

அவர் முகம் மலர்ந்தது.

"இப்ப நாலு வாய் பேசி ஒரு மூச்சு வாங்குறா. நேத்து பூரா என் குறட்டையைப் பத்தித்தான் பேச்சு. நான் ஊர்லயே இல்லாததால இத்தனை வருஷமும் நிம்மதியாத் தூங்கினாளாம். இன்னைக்குப் புளிக்குழம்பு நான்தான் வைக்கணுமாம். பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர்றேங்கிறா. உப்புக் கூடிட்டா அவ பேசுற பேச்சை நீ கேட்கணும் தாயி."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

வெள்ளைத்தாய் அந்தக் கையைப் பிடித்தாள். நூல் வெளுத்துக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. முடிச்சைத் தேடுகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் மடக்கி விட்டிருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கி, நூல் நனையாதபடி மூடினாள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"திருவிழா முடிஞ்சிருச்சாய்யா?" என்று கேட்டாள்.